கேட்காமல் போட்ட கணக்கு

மார்ச் 4
ஆபீஸ் முழுக்கக் கம்பியில்லா போன் வருகிறது. கூரையில் எங்கே எத்தனை பெட்டி மாட்டுவது என்ற திட்டம் என் தலையில். ஒரு பெட்டியின் அலை போகும் இடம் ஒரு செல். அதில் ஒரே நேரத்தில் எட்டுப் பேர் பேசலாம். ஒன்பதாவது ஆள் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

வீட்டில் பேசுகிறவர்கள்: யாருமில்லை. எனக்கு வெளியூர்க் கிளைக்கு மாற்றல், இரண்டு வருடம். சரி என்று சொல்லிவிட்டு வந்துதான் மனைவியிடம் சொன்னேன். "சரின்னு சொல்லியாச்சுல்ல, அப்புறம் என்கிட்ட என்ன பேச்சு?" என்றாள். அதோடு சரி.

மார்ச் 6
நாற்காலிகளை எண்ணியே கணக்கை முடித்துவிட்டேன். விற்பனைப் பிரிவு ஓயாமல் பேசும்: மூன்று பெட்டி. கணக்குப் பிரிவு வாயே திறக்காது, ஆளுக்கு மூன்று நிமிஷம் போதும்: ஒன்று. யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

மார்ச் 7
"அந்தந்தப் பிரிவுல கையெழுத்து வாங்கிட்டு வாப்பா" என்கிறார் மேலாளர். கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பு என் மனைவி.

மார்ச் 10
தாளை நீட்டினேன். ஆபீசில் அவளுக்கு நான் 'சார்'.
"ஆளுக்கு மூணு நிமிஷம்தான் பேசுவோம்னு யார் சொன்னா, சார்?"
"ஒரு உத்தேசம்தான்."
"பேங்க், வரி ஆபீஸ், பாக்கி வெச்ச கஸ்டமர்... காலைல நாங்க எல்லாரும் போன்லதான் இருப்போம். விற்பனைக்காரங்க சீட்லயே இருக்க மாட்டாங்க. வந்து கேட்டிருக்கலாமே."
"கேட்டிருக்கலாம்."
"கேக்கற பழக்கம்தான் உங்களுக்குக் கிடையாதே."
இதில் சார் இல்லை. தாளில் கையெழுத்தும் இல்லை.

மார்ச் 11
அவ போனை மட்டும் சொல்லலை. புரியுது. நான் கிளம்பிட்டா அவ வேலை, வீடு — அவ என்ன நினைக்கிறான்னு ஒரு வார்த்தை கேட்டேனா? என்ன மனுஷன் நான்?

மார்ச் 14
ஒவ்வொரு பிரிவாகப் போய்க் கேட்டேன். விற்பனைக்கு இரண்டு, கணக்குக்கு இரண்டு. கையெழுத்துப் போட்டாள். வீட்டில் பேச்சு இல்லை.

ஏப்ரல் 2
பெட்டிகள் மாட்டியாயிற்று. சோதனைக்காகக் கணக்குப் பிரிவு வராந்தாவில் நின்று அவளை அழைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எடுத்தாள்.
"கேக்குதா?"
"கேக்குது."
அடுத்த செல்லுக்குப் போயிருக்க வேண்டும். "நான் மாற்றல்ல போகட்டுமா, வேண்டாமா? நீ சொல்லு" என்றேன்.
லைன் போய்விட்டதோ என்று மீட்டரைப் பார்த்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.
"இதை அன்னைக்கே கேட்டிருந்தா என்ன?" என்றாள். குரல் உடைந்திருந்தது. பிறகு பேச ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 3
இருவருக்கும் சேர்த்து மாற்றல் கொடுத்தால் போகிறோம், இல்லாவிட்டால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். வாசகம் அவளுடையது.

கணக்குப் பிரிவிலிருந்து புகார் வந்திருக்கிறது: நேற்றுக் காலை சிலருக்கு லைன் கிடைக்கவில்லையாம். பெட்டி பழுதா என்று மேலாளர் கேட்டார். பழுதில்லை சார், இரண்டு பேர் ரொம்ப நேரம் பேசிவிட்டார்கள் என்றேன்.