அ. லூர்துசாமி நிலாவில் இல்லை

கார்த்திகை 4, காலை 7.10

நிலா நகல் நிலையம். பணியில் ஒரே ஆள்: சு. பொற்கொடி. காற்று சரி. கதவு சரி. காபித் தூள் தீர்ந்துவிட்டது.

பூமியில், கடலோரக் கரை நிலையத்தில் பதிவாகும் ஒவ்வொரு எழுத்தும் இங்கே பாறைக்குள் நகலாக வந்து சேரும். அங்கே வெள்ளம் புகுந்தாலும் இங்கே பிழைத்திருக்கும். அதற்குத்தான் என்னை இந்தப் பொந்தில் போட்டிருக்கிறார்கள்.

இன்று மாலை அங்கே புயல். கடலோர ஆஸ்பத்திரிகளின் நோயாளிப் பதிவுகள் வந்துகொண்டிருக்கின்றன. யாருக்கு என்ன ரத்தம், யாருக்கு எந்த ஊசி ஆகாது, எல்லாம். பாதியில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு நேரமில்லை.

அனுப்புகிறவர் லூர்து அண்ணன். அங்கே மற்றவர்களுக்குப் புயல் விடுமுறை.

"தண்ணி ஏறுனா மொட்ட மாடிக்குப் போயிருவேன்மா. மீட்புப் படகு வரும்."

மீனவர் குப்பத்தில் பிறந்து நீச்சல் தெரியாத ஒரே மனிதர். இன்றும் கொஞ்சம் கிண்டல் செய்தேன்.

காலை 9.40

காற்று இயந்திரம் நின்றுவிட்டது. வெளிக்கதவும் பூட்டிக்கொண்டது. திரையில்: "உள்ளே ஆள் இல்லை." அப்போது நான் என்ன பேயா?

கரையிலிருந்து:

"ஏம்மா, எந்த நிலையத்துல யாரு இருக்காங்கன்ற பட்டியல்ல உன் பேரு ரெண்டு எடத்துல இருந்திருக்கு. ஒண்ணுல இனிஷியல் முன்னாடி, ஒண்ணுல பின்னாடி. பட்டியலச் சுத்தம் பண்ற புரோகிராம் ரெண்டையுமே போலின்னு தூக்கிருச்சு."

அங்கே அழித்தது இங்கேயும் அழிந்தது. நகல் என்றால் அதுதான், அங்கே தும்மினால் இங்கே சளி. காற்று இயந்திரம் பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓடும்.

அடப்பாவிகளா! ஒரே ஒரு எழுத்து. அப்பா சுப்பையா, உம்மை நான் எந்தப் பக்கம்தான் வைப்பது?

காலை 10.35

தலை வலிக்கிறது. நண்பகலில் நேற்றைய பட்டியல் அழிந்துவிடும். அதற்குள் இணைப்பைத் துண்டித்தால் அதை மீட்கலாம், என் பெயர் வரும், காற்று வரும். ஆனால் பதிவுகள் பாதியில் போகும். இரண்டு முறை பொத்தானில் விரல் வைத்து எடுத்தேன். பயமாக இருக்கிறது, எழுதுவதற்கென்ன.

"தொடாதம்மா! புதுப் பேரு சேக்கணும்னா அதிகாரி ஒப்புதல் வேணும், அந்தாளு போனையே எடுக்கல. ஆனா இருக்கிற பேர எடம் மாத்த எனக்கு உரிமை இருக்கு. இரு."

காலை 11.05

காற்று! மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். திரையில்: "உள்ளே இருப்பவர்: அ. லூர்துசாமி."

தன் பெயரைக் கரையிலிருந்து நிலாவுக்கு மாற்றிவிட்டார். பதிவுகள் முடிந்ததும் திருப்பி மாற்றுங்கள் என்றேன்.

"மாத்துனா ஒனக்குக் காத்து நின்னுரும்ல? கெடக்கட்டும். என் பேருக்கு வாடகை மட்டும் குடுத்துரு."

சரி, படகு வருமா என்றேன்.

"அதெல்லாம் வரும்மா. வராட்டி நீந்திப் போயிருவேன்."

சிரித்தேன்.

மாலை 3.55

நகல் முடிந்தது. ஒரு பதிவுகூட விடுபடவில்லை.

"ஆண்டவரே, ஸ்தோத்திரம். தண்ணி மாடிப்படிக்கு வந்துருச்சு. நான் மேல போறேன்மா. நேரத்துக்குச் சாப்பிடு."

அதோடு கரை நிலையம் பேசவில்லை. தொடர்புக் கோபுரம் விழுந்திருக்க வேண்டும்.

மாலை 4.50

மீட்புப் படையின் வானொலி செயற்கைக்கோள் வழியாக இங்கே கேட்கும். என் குரல் போக வேண்டுமானால் கரை நிலையம் வழியாகத்தான் போக வேண்டும்.

"கரை நிலையத்துல எத்தன பேரு?"

"பட்டியல்ல யாரும் இல்ல சார். ஒருத்தர் இருந்தாரு, காலைலயே நிலாவுக்கு மாத்திருக்கு."

"அப்ப விடு. அடுத்த தெருவுக்குப் போ."

இல்லை. இல்லை. இருக்கிறார். மேலே இருக்கிறார்.

மாலை 5

கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. கதவை உதைத்தேன். எல்லாப் பொத்தானையும் அழுத்தினேன். படகு அந்தத் தெருவில்தான் நின்றது. நீந்திப் போவேன் என்றபோது சிரித்தேனே, பாவி நான். அண்ணா, நீங்கள் தெரிந்தேதான் செய்தீர்களா?

திரை: "நகல் முழுமை. இரு இடமும் ஒன்றே. உள்ளே இருப்பவர்: அ. லூர்துசாமி. காற்று சரி."

இதைக் கண்டெடுப்பவரே, பட்டியலை நம்பாதீர்கள். இங்கே மூச்சு விடுவது பொற்கொடி, சுப்பையா மகள். அவர் இங்கே இல்லை. கரை நிலையத்து மொட்டை மாடியில் நிற்கிறார். அவருக்கு நீச்சல் தெரியாது. சீக்கிரம் போங்க