பூரணத்துக்குக் கொட் மீன் எண்ணெய்

1926 அக்டோபர் 16
கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசரிடம் இவரும் நானும் மகள் பூரணத்தைக் காட்டினோம். ஐந்து வயது. பொழுதுபட்டால் பிள்ளை சுவரைத் தடவித்தான் நடக்கிறாள். மாலைக்கண்ணாம். விட்டால் கண்ணே போய்விடுமாம். கொட் மீன் ஈரல் எண்ணெய் ஒரு போத்தல் தந்தார்.

"மீனோ?" என்றார் இவர். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியார், பரம்பரைச் சைவம்.

"மருந்து ஐயா" என்றார் டிரசர்.

அக்டோபர் 17
இவருடைய தமக்கை வாகீஸ்வரி மச்சாள் போத்தலை அடுப்படியிலிருந்து துரத்தி, வெளித்தட்டில் விளக்குக்கு ஊற்றும் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டா. "ஈரலெண்ணெய் தொட்ட கையாலை சாமியறைக்கு வராதை."

"எண்ணெயும் குடுப்பன், விளக்கும் கொளுத்துவன்."

இவர் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 21
துரை வீட்டிலிருந்து இவர் கொண்டுவந்த பழைய இங்கிலிஷ் பிராணிப் புத்தகம். அகராதியோடு எழுத்துக்கூட்டிப் படித்தேன். கொட் மீன் வடக்கே குளிர்கடலில் அடித்தரையை ஒட்டித் திரியும். நண்டு, புழு, சிறுமீன் தின்னும். முதுகில் நீந்துகிற செட்டை மூன்று. நாடியில் தாடி போல ஒற்றைச் சதை — மங்கலில் அதால் தரையைத் தடவி இரை தேடுமாம். முட்டை லட்சக்கணக்கில், தப்புவது சொற்பம். கொழுப்பைச் சதையில் பரத்தாது, ஈரலிலே சேர்த்துவைக்கும். வரவுசெலவு தெரிந்த மீன்!

தடவித் திரிகிற மீன், தடவித் திரிகிற என் பிள்ளைக்கு. அந்தக் குளிருக்குள் அதற்குப் படியளப்பவனுக்கு என் கையில் என்ன தீட்டு?

அக்டோபர் 22
கக்கினாள். மறுபடி கொடுத்தேன்.

நவம்பர் 6
சஷ்டி விரதம் தொடக்கம். மச்சாள் விளக்கேற்றித் தேவாரம் படித்தா. பாதியில் நின்றது. ஓடினேன். சாமியறை முழுக்க மீன் நாற்றம் — மங்கலில் போத்தலை மாறி எடுத்து ஊற்றியிருக்கிறா!

"வீட்டை மீன்சந்தை ஆக்கிப்போட்டியேடி! ஆத்திலை எறி அதை!"

"ஊத்தினது உங்கட கை மச்சாள். எறிஞ்சா நாளைக்கு இன்னொண்டு வாங்குவன்."

"அக்கா, விரத நாளிலை கோபம் வேண்டாம்" என்றார் இவர். அவ்வளவாவது.

விளக்கைச் சாம்பல் போட்டுத் துலக்கி, நல்லெண்ணெய் விட்டு நானே ஏற்றினேன். ஒருவரும் தடுக்கவில்லை. முருகா, உனக்கும் மணந்ததோ? மணந்தால் மணக்கட்டும். பிள்ளையின் கண் அல்லவா?

நவம்பர் 11
விரதத்தின் கடைசி நாள், சூரன்போர். பொழுதுபட்டுவிட்டது, விளக்கு இன்னும் ஏற்றவில்லை. மச்சாள் தீப்பெட்டியைக் காணாமல் துழாவிக்கொண்டிருந்தா.

"மாமி, உங்கட காலடியிலை கிடக்கு."

வாசலில் பூரணம். சுவரைத் தொடாமல் நேரே நடந்துபோய் எடுத்துக் கொடுத்தாள்.

மச்சாள் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு ஏற்றினா.

நான் போத்தலைக் கொண்டுவந்து அடுப்படித் தட்டில் உப்புச் சாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். மச்சாள் மூக்கைச் சுளித்தா. எடுக்கவில்லை.

"ஆரேன் மாறி ஊத்திப்போடுவினம். தமிழிலை எழுதி ஒட்டு."

ஒட்டினேன். 'மீன்' என்பதைப் பெரிதாகவே எழுதினேன்.