வடிவு பூட்டிய பெட்டி

நாள் 212, காலை 7:10
தண்ணீர் சரி. காற்று கொஞ்சம் குறைவு. பாசித் தொட்டி பாதி கறுத்துவிட்டது.
இதை எழுதுவது என் மகள் வடிவு வேலை. முந்தாநாள் வெளியே பாறைப் பிளவில் விழுந்து போய்விட்டாள். உடம்பு கிடைக்கவில்லை. இனி நான் எழுதுகிறேன். பேர் பிரமு. இங்கே சமையலும் தோட்டமும் என் பொறுப்பு. படிப்பு அஞ்சாவது.

நாள் 212, மாலை 6:00
செவ்வாயில் இது வேற்று நாட்டார் நிலையம். புழுதிக் காலத்துக்கு முன்னே அவர்கள் கிளம்பிவிட்டார்கள். வண்டி வர ரெண்டு மாசம். அதுவரை இந்தப் பாசிதான் மூச்சு. அதன் நோய்க்கு வடிவு மருந்து கண்டுபிடித்திருந்தாள். அசலூரில் ஆராய்ச்சியை விரித்து வைத்தால் திருடிவிடுவார்கள் என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டினாள். அவள் முகம் பார்த்தால்தான் அது திறக்கும். நகல் கிடையாது.

நாள் 213, மாலை 6:20
பூமியில் ஊரிலிருந்து அவள் ஆபீஸ் பொன்னுராசு சேதி: "இங்கேருந்தே திறந்து தாரோம்மா. புழுதிப் புயல் ஓயட்டும். பெட்டியத் தொட்டிராதீங்க."
தொடவில்லை. போனவளுக்குப் படம் வைத்துத் தண்ணீர் வைக்க வேண்டாமா? அவள் அடையாள அட்டையைப் பெட்டிக்கு எதிரே நிறுத்தினேன். விளக்கு காற்றைத் தின்னும், டார்ச் போட்டேன். வெளிச்சம் பட்டதும் பெட்டி பேசியது. வடிவு பதிந்து வைத்த குரல்.
"யாருல அது? மூஞ்சியக் காட்டு."
படத்தைத் தூக்கிக் காட்டினேன்.
"ம்ஹூம்."
குறும்பு பண்ணும்போது அப்படித்தான் சொல்லுவாள்.

நாள் 216, மாலை 6:00
தினமும் கேட்கிறாள். தினமும் காட்டுகிறேன். அதுக்கப்புறம்தான் சோறு இறங்குகிறது. பாசி முக்கால்வாசி கறுப்பு.

நாள் 217, மாலை 6:04
இன்றைக்கு "ம்ஹூம்" இல்லை.
"ஏ களவாணி! படத்தக் காட்டி ஏமாத்தப் பாத்தியோ? எல்லாத்தையும் அழிச்சாச்சு. போ, வேற வீட்டப் பாரு."
பெட்டியில் பச்சை விளக்கு அணைந்தது.
நான்டி. அம்மா.

நாள் 218, பகல்
புயல் விலகியது. முந்தியே அனுப்பிய சேதி இப்போதுதான் வந்து சேர்ந்தது. பொன்னுராசு: "அம்மா, ஒண்ணு விட்டுப்போச்சு. வடிவு படம் எதையும் பெட்டிக்கு முன்னால வச்சிராதீங்க."
அட்டையைத் துடைத்துத் திரும்ப அங்கேயே வைத்தேன்.

நாள் 220
தொட்டி முழுக்கக் கறுப்பு. எழுதினால் மூச்சு வாங்குகிறது.
வருகிறவர்களே, பெட்டியை உடைக்காதீங்க. உள்ளே ஒண்ணும் இல்லை.
தண்ணீர் மாத்தி வைத்தேன். டார்ச்சும் போட்டேன்.
யாருன்னு கேக்க மாட்டேங்கா