அண்ணியின் வெள்ளை எழுத்து ரயர்கள்

ஏப்ரல் 12, சனி

அண்ணை இறந்தபின் வரும் முதல் கோடை. காரின் குளிர்கால ரயர்களைக் கழற்றி மாற்றிவிட இன்று ஹாலே நகரில் அண்ணி வீட்டுக்குப் போனேன். நிலவறையில் கோடை ரயர்களைக் கண்டதும் திகைத்துவிட்டேன். பழைய காலத்துக் கார்களில் இருப்பதுபோல, பக்கத்து எழுத்துகளை யாரோ வெள்ளையாகத் தீட்டியிருந்தார்கள். மூன்று முடிந்திருந்தது, நான்காவது பாதியில் நின்றது.

"நான்தான் தம்பி," என்றார் அண்ணி. "உங்கட அண்ணை இருக்கேக்கயே கேட்டனான். கூத்துக்காரற்ற கார் மாதிரி இருக்கும் எண்டு விடேல்லை."

"ஆண்டுத்திவசம்கூட முடியேல்லை அண்ணி. ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"ஓம், சொல்லுவினம். ஆனா எனக்கு வடிவா இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று இப்போதும் தெரியவில்லை. அண்ணை அண்ணியை எதற்கும் மறித்ததில்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். வேறு என்னவெல்லாம் கேட்டாரோ.

அண்ணி பெயின்ற் பேனாவை நீட்டினார். "எனக்குக் குனிய ஏலாமக் கிடக்கு. மிச்சத்தை நீங்கள் தீட்டுங்கோ."

மறுத்திருக்க வேண்டுமோ? தரையில் உட்கார்ந்து, ஓரம் பிசகாமல் ஒவ்வோர் எழுத்தாகத் தீட்டிக் கொடுத்தேன். ரயர்களைப் பூட்டியதும் அண்ணி காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அண்ணை போனபின் அவர் சிரித்ததை இன்றுதான் கண்டேன். நானும் சிரித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அண்ணையின் படத்தை நிமிர்ந்து பார்க்க ஒரு மாதிரியாக இருக்கிறது.