ரேணுகாவின் பித்தப்பை

தார்வாட்
வியாழக்கிழமை, பகல் மூன்று மணி

அன்பு மகள் மேதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் சௌக்கியம், மற்றதைக் கீழே எழுதுகிறேன். டப்ளின் மழையில் நீ சளி பிடிக்காமல் இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். போன வாரம் அனுப்பிய கடலைப் பொடியும் ஜோள ரொட்டியும் வந்து சேர்ந்ததா, ரொட்டி உடைந்திருந்தாலும் தூக்கிப் போடாதே, தயிரில் ஊறவைத்தால் நன்றாகவே இருக்கும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப் புறாக்களோடு சண்டை அப்படியே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் கேட்டதும் நீ பட்டென்று வைத்ததும் மனதில் இருக்கும். உங்கள் கம்பெனி விளையாட்டில் பதிவான நாற்பது விநாடியை அழிக்க முடியுமா என்று கேட்டேன். “என்ன கேக்கறேன்னு தெரிஞ்சுதான் கேக்கறியாம்மா” என்றாய். தெரிந்துதான் கேட்டேன். இருபத்திரண்டு வருடமாக அப்படிக் கேட்டவர்களுக்கெல்லாம் முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். ஏன் கேட்டேன் என்று சொல்வதற்குள் அழுகை முந்திக்கொண்டது. எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஒன்பது பேரின் வேலை உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் காப்பீட்டுக் காகிதங்களில் எது பொய் என்று கண்டுபிடிப்பது. பதினோரு வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒருத்தி டப்பாவிலிருந்து இன்னொருத்தி எடுத்துச் சாப்பிட்டு இதைச் செய்தோம். பிறகு அறைக்கு வாடகை எதற்கு என்று ஒன்பது பேரையும் ஒன்பது வீட்டுக்கு அனுப்பினார்கள், அனுப்பிவிட்டு எங்களுக்குள் ஒற்றுமை இருக்கிறதா என்று அளக்க ஆள் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் புனே தலைமையிலிருந்து தன்மய் என்ற பையன் திரையில் வந்து விளையாட்டு நடத்துவான். அது என் மகள் வேலை பார்க்கும் கம்பெனி செய்த விளையாட்டு என்று முதல் நாளே எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டதும் நான்தான். ஒற்றுமையில் கடைசியாக வரும் குழுவை வேறு ஊர்க் குழுவோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு, சேர்ப்பது என்றால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவது, வீட்டிலேயே இருப்பவர்களை எங்கே அனுப்புவார்கள் என்று கேட்காதே. ஆகவே உயிரைக் கொடுத்து ஒற்றுமையாக இருந்தோம். முப்பது விநாடிக்குள் வீட்டிலிருந்து சிவப்புப் பொருள் ஒன்று கொண்டுவரச் சொன்னபோது எங்கள் ஆட்கள் அது உன் வீட்டுப் பொருள்தானா, ரசீதைக் காட்டு என்று ஆட்சேபம் எழுப்பினார்கள். “இது விளையாட்டு மேடம், இதுக்கெல்லாம் ஆதாரம் வேண்டாம்” என்று தன்மய் கும்பிட்டான்.

போன மாதக் கடைசி வெள்ளியில், ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மூன்று சேதி சொல்ல வேண்டும், இரண்டு நிஜம், ஒன்று பொய், பொய்யை மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்று வந்தது. பொய் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கும் ஒன்பது பேர் முன்னால் இதை வைத்தவர்களை என்ன சொல்வது, நீயே அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் மன்னித்துக்கொள். ரேணுகா முறை வந்தது. உனக்கு அவளை நினைவிருக்கும், நாகபஞ்சமிக்கு நம் வீட்டு ஊஞ்சலில் உன்னைவிட உயரமாக ஆடியவள். தனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும், மார்ச் மாதம் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள், இதுவரை கடலைப் பார்த்ததில்லை என்று மூன்று சொன்னாள். நாலு பத்துக்கு முடிய வேண்டும், நாங்கள் கடைசியிடத்தில் இருந்தோம், நான் வாயைத் திறந்தேன். “பித்தப்பைதான் பொய். அறுவை நடந்ததும் தையல் பிரிச்சதும் ஒரே தேதி போட்டிருக்கு, மயக்க மருந்து கொடுத்த டாக்டர் கையெழுத்தே இல்ல” என்றேன். காகிதம் கண்ணெதிரே இருப்பது போல ஒப்பித்தேன், குரலில் பெருமை வேறு. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த விநாடி ஒருவரும் தட்டவில்லை, ஏனென்றால் அது ரேணுகா மார்ச்சில் பன்னிரண்டு நாள் விடுப்புக்குக் கொடுத்த காகிதம் என்று எட்டுப் பேருக்கும் புரிந்துவிட்டது. எனக்கு மதிப்பெண்ணும் கிடைக்கவில்லை. அவள் பொய்யென்று பதிந்திருந்தது டிராக்டரை. எல்லோரும் நம்பிவிட்ட சேதி என்பதால் பித்தப்பையை நிஜத்தில் வைத்திருந்தாள் பாவம்.

இனி நான் போனில் சொல்லாததைச் சொல்கிறேன். மார்ச்சில் கணக்கு முடிக்கும் காலம் என்று யாருக்கும் விடுப்பில்லை, ஆஸ்பத்திரியில் படுத்தால் மட்டும் உண்டு. ரேணுகாவின் பெண் பல்லவிக்குப் பத்தாவது பரீட்சை, மாதிரித் தேர்வில் கணக்கில் தவறி, அம்மா பக்கத்தில் இல்லாமல் புத்தகத்தைத் திறக்க மாட்டேன் என்று சாப்பிடாமல் கிடந்தது. குழுவுக்கு மேலாளர் நான், விடுப்புக் காகிதமும் என் கையெழுத்தில்தான் போகும். ரேணுகா என்னிடம் ஒளிக்கவில்லை, நடந்ததை அப்படியே சொல்லித்தான் விடுப்புக் கேட்டாள். நான்தான் “ஏதாவது ஒரு காகிதம் கொண்டுவா, மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றேன். கொண்டுவந்தாள், அவள் பெரியம்மா மகனின் நர்சிங் ஹோம் காகிதம். பொய்யென்று பார்த்த கணத்திலேயே தெரிந்தது, இவ்வளவு மோசமாகவா எழுதுவது என்று எரிச்சல்கூட வந்தது, கையெழுத்துப் போட்டேன். பல்லவி தேறிவிட்டது. மூன்று மாதம் கழித்து ஒரு மதிப்பெண்ணுக்காக அதன் அம்மாவைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன், அதுவும் தவறான விடை.

தன்மய் நல்ல பையன், சிரித்தபடியேதான் அந்தப் பதிவை மேலே அனுப்பினான். பொய்க் காகிதம் பிடிக்கும் கம்பெனியில் பொய்க் காகிதம் என்று ரேணுகாவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எனக்கு மெமோ வந்திருக்கிறது, இந்தக் காகிதத்தின் குறை எப்போது உங்கள் கவனத்துக்கு வந்தது என்ற ஒரே கேள்வி. விளையாட்டின்போதுதான் என்று எழுதினால் நான் வரும் மே மாதம் மாலை போட்டுக்கொண்டு ஓய்வு பெறலாம், ரேணுகா தனியாக வெளியே போவாள், மோசடி என்று எழுதி அனுப்புவார்கள், இந்தத் தொழிலில் பிறகு யாரும் அவளைச் சேர்க்க மாட்டார்கள். மார்ச்சிலேயே தெரியும், கொண்டுவரச் சொன்னதே நான் என்று எழுதினால் அவள் யாரையும் ஏமாற்றவில்லை என்றாகிறது, வேலை தப்பலாம், நிச்சயமில்லை. என் கதை அன்றே முடியும். இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு நாலு நாளாக எது நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்று திருத்திக்கொண்டிருக்கிறேன் மேதா, உன் அம்மா இவ்வளவு கேவலமானவள் என்று எனக்கே தெரியாது. அந்த நாலு நாளில் ஒரு நாள்தான் உன்னைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னது. உன் வேலையையும் சேர்த்துக் கெடுக்கப் பார்த்தேன், மறந்துவிடு.

ரேணுகாவே நேற்றுக் கூப்பிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். “நீங்க என்னக்கா பண்ணுவீங்க, காகிதத்தைக் கண்டா படிக்கற வாய். உங்களையே ஏமாத்தினதுக்கு எனக்குப் பத்து மார்க் வந்துச்சு, கவனிச்சீங்களா” என்று சிரித்தாள். பிறகு, மார்ச்சில் நான் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன் என்றாள். “உங்களுக்கு மே மாசம் வரைக்கும்தானேக்கா. இருந்துட்டுப் போங்க.” போனை வைத்த பிறகு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “வேலை போனா வீட்டுல உக்காரணுமேன்னு பயப்படறியா, நாலு வருஷமா வீட்டுலதானே உக்காந்திருக்கே” என்றார். முதல் பதிலை நானே கிழித்தேன். இரண்டாவது பதில் நாளைப் பகல் பன்னிரண்டு மணிக்குப் போகிறது, இந்தக் கடிதத்தை அதற்கு முன் ஈமெயிலில் அனுப்புவது நான் மனம் மாறாமலிருக்க. நீ படித்துவிட்டாய் என்றால் எனக்கு வேறு வழியில்லை.

நாளை நாலு மணிக்கும் விளையாட்டு உண்டு. விசாரணை முடியும்வரை வேலை செய்யக் கூடாது, ஒற்றுமையில் மட்டும் கலந்துகொள்ளலாம் என்று ரேணுகாவுக்கு எழுத்துபூர்வமாக உத்தரவு. இந்த வாரம் நன்றி சொல்லும் விளையாட்டு, யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று உங்கள் இயந்திரம் குலுக்கிப் போட்டிருக்கிறது. ரேணுகா எனக்குச் சொல்ல வேண்டும், இரண்டு நிமிடம், முகம் தெரியும்படி.

வேளைக்குச் சாப்பிடு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சாப்பிடாதே. எந்தக் காகிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, படித்துவிட்டும் போடாதே. எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் என்றும் உன் தலைமேல் இருக்கும், நீ நீண்ட காலம் நிம்மதியாக இருக்க வேண்டும். நாளை உனக்குப் பதினொன்றரை ஆகும்போது எனக்கு நாலு மணி, அப்போது கூப்பிடாதே, முடிந்தபின் நானே கூப்பிடுகிறேன். என் பதிலை அதற்குள் ரேணுகாவுக்குக் காட்டியிருப்பார்களா என்று தெரியாது. காட்டாவிட்டால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும், மனமார நன்றி சொல்லிவிடுவாள். அதை எந்த முகத்தோடு கேட்பது என்றுதான் தெரியவில்லை.

உன் அம்மா,
அனசூயா இனாம்தார்