ஹொன்மா வீட்டுக் கூரை

ஜனவரி 9. பனி.

இன்று மூன்று கூரைகளில் பனி தள்ளினோம். தோள்பட்டை கழன்று விழுந்ததுபோல இருக்கிறது. முழங்கால் போனதிலிருந்து என் அண்ணன் டோராஜி கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்கிறார், மேலே நான். ஐம்பத்தொரு வயதுப் பெண் கூரையில் நிற்பதை இப்போது யாரும் நின்று பார்ப்பதில்லை.

மாலையில் ஹொன்மா கத்சுயா போன் செய்தான். பள்ளியில் என் வகுப்பு. செண்டாய் நகரத்தில் வேலை. அவன் அம்மா இறந்து நான்கு வருஷம், வீடு பூட்டித்தான் கிடக்கிறது. கூரைப் பனியைத் தள்ளிவிடச் சொன்னான். உள்ளே போக வேண்டாம், சாவி தேவைப்படாது என்றான்.

கூரைக்கு எதற்குச் சாவி?

ஜனவரி 11. பனி. காற்றில்லை.

ஹொன்மா வீடு. நெஞ்சளவு பனி. ஜன்னல்களுக்குப் பனித்தடுப்புப் பலகை அடித்திருந்தது. இலையுதிர் காலத்தில் கத்சுயா வந்து அடித்துவிட்டுப் போயிருப்பான் என்றார் அண்ணன்.

மாடி இல்லாத பின்னறைக்கு மேலே ஓரிடத்தில் மட்டும் மண்வாரி சட்டென்று இறங்கியது. பனி நைந்து, அடியில் தகரம் தெரிந்தது. ஒரு பாய் அகலம். கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தேன். ஈரம். வெதுவெதுப்பு என்று எழுதலாமா? என் கை மரத்திருந்தது. உறுதியாகத் தெரியவில்லை.

எட்டிப் பார்த்து அண்ணனிடம் சொன்னேன். எலி இருக்கும் என்றார். எலி பனியை உருக்குமா என்று கேட்டதற்கு, "பேசாம தள்ளு, இருட்டப் போவுது" என்றார்.

ஜனவரி 12. மேகமூட்டம்.

கத்சுயா போன். "வடக்கு மூலையில கொஞ்சம் விட்டுட்டே மிசாவோ."

உண்மைதான். இருட்டியதால் விட்டேன். இவனுக்கு யார் சொன்னது?

ஜனவரி 15. லேசான பனி.

வடக்கு மூலையை முடிக்கப் போனோம். பாதி வேலையில் சட்டைப் பையில் போன் அடித்தது. கத்சுயா.

"அங்க பலகை மெலிசு. கொஞ்சம் தள்ளி நில்லு."

இரண்டு முறை கேட்டது. எதிரொலி இல்லை. எதிரொலி பின்னால்தானே வரும்? இது காலடியில் முதலில் கேட்டது, காதில் பிறகு.

"சரி" என்று சொல்லித் தள்ளி நின்றேன். வேறென்ன சொல்லியிருக்கலாம்? எங்கேடா இருக்கிறாய் என்று கேட்டிருக்கலாம். மிச்சப் பனியைத் தள்ளினேன் — ஒவ்வொரு அடியும் அவன் தலைமேல் வைப்பதுபோல.

இரவுச் சாப்பாட்டில் அண்ணனிடம் சொன்னேன். அவர் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

"இருக்கேன்னு காட்டிக்க விரும்பாதவனை நாம பாக்கக் கூடாது. பாத்துட்டா அப்புறம் அவன் எப்படி ஊருல நடப்பான்?"

ஜனவரி 17. பனி.

நிற்கவே இல்லை.

ஜனவரி 18. பனி, காற்று.

மதியம் கரண்ட் போனது. கத்சுயாவைக் கூப்பிட்டேன், மூன்று முறை. போன் அணைந்திருக்கிறது.

ஜனவரி 19. பனி.

எங்கள் வாசலை மட்டும் நான்கு தடவை வெட்டினேன். மலைப்பக்கம் மரங்கள் முறிகின்றன. ஒவ்வொரு முறிவுக்கும் அண்ணனும் நானும் ஹொன்மா வீட்டுத் திசையில் திரும்புகிறோம். அவன் பேரை இருவரும் எடுக்கவில்லை.

ஜனவரி 20. காலையில் ஓய்ந்தது.

விடிந்ததும் கயிற்றை எடுத்தேன். அண்ணனும் பூட்ஸ் மாட்டினார்.

ஹொன்மா வீட்டுக்குச் சுவரே இல்லை. கூரைப் பனியும் தரைப் பனியும் ஒன்றாகியிருந்தன. ஏறிப் போய் பின்னறைக்கு மேலே தோண்டினேன். போன தடவை நைந்திருந்த இடம். இப்போது தகரம் வரைக்கும் வெள்ளை. காய்ந்த, பொடிப்பொடியான, சுத்தமான பனி. எங்கும் ஒரு துளி ஈரமில்லை.

இத்தனை நாள் அந்த ஈரத்துக்குப் பயந்தேனே.

மாடி ஜன்னல்வரை தோண்டி, பலகையை நெம்பி, கண்ணாடியை உடைத்து இறங்கினேன். என் மூச்சு மட்டும் கேட்டது. சுவரில் இஸ்திரி போட்ட கோட்டு ஒன்று தொங்கியது. இருட்டில் ஆள் என்று நினைத்துப் பேசிவிட்டேன். கீழே பின்னறையில் மண்ணெண்ணெய் அடுப்பு அணைந்திருந்தது. பக்கத்தில் மெத்தைகளுக்கு நடுவே கத்சுயா. முகமெல்லாம் தாடி. செத்துவிட்டான் என்றுதான் குனிந்தேன். கண் திறந்தது.

"கூரை தாங்குதா?"

"தாங்குது" என்றேன். "வா, போலாம்."

கயிற்றில் கட்டி மாடிவரை இழுத்து, ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தப் போனேன். கத்த வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு ஷிகெனோ அக்கா மடித்த கம்பளிகளோடு நின்றிருந்தார். நான்கு ஆண்கள், ஒரு சறுக்குவண்டி. உள்ளே யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 3. வெயில்.

கத்சுயாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். வேலை போய் இரண்டு வருஷமாம். அக்டோபரில் கடைசி பஸ்ஸில் இறங்கி நடந்து வந்தானாம். ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான். நானும் ஜன்னலைப் பார்த்தேன்.

திரும்பும்போது ஷிகெனோ அக்கா முள்ளங்கி ஊறுகாய் கொடுக்கக் கூப்பிட்டார். ஊறுகாயைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "நவம்பர்லயே பலகை இடுக்குல வெளிச்சத்தைப் பாத்தேன். பின்வாசல்ல ஒரு கேன் மண்ணெண்ணெய் வெச்சேன். மறுநாள் கேன் இல்ல. அப்புறமும் வெச்சேன். மத்தவங்களும் வெச்சாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் பனி பின்வாசலை மூடிடுச்சு."

அவ்வளவுதான். ஊரில் விளக்கெரிவது பதினோரு வீடுகள். பதினோரு வீட்டுக்கும் தெரியும். எல்லோரும் அந்த வீட்டைத் தலை குனிந்து கடந்தோம், மரியாதையாக. கோபப்படலாம் என்று பார்த்தேன். பதினைந்தாம் தேதி "சரி" என்று சொன்னவள் நான்தானே.

டிசம்பர் 22. பனி.

இந்தப் பனிக்காலத்தின் முதல் கூரை, கன்னோ வீடு. ஒன்பது வருஷமாக ஆளில்லை. அண்ணன் வீட்டிலேயே இருந்துகொண்டார். கீழே கயிறு கத்சுயாவிடம்.

பனியைத் தொடுமுன் ஒரு குழி தோண்டி, மண்வாரிக் கைப்பிடியால் தகரத்தை மூன்று முறை தட்டினேன். காத்திருந்தேன். எதற்கு என்று கத்சுயா கேட்கவில்லை. அவனும் அசையாமல், தலையைச் சாய்த்து நின்றான்.

ஒரு சத்தமும் இல்லை.

"ஆரம்பிக்கட்டுமா?"

"இன்னும் கொஞ்சம் இரு" என்றான்.