அச்சுக்குப் போகுமுன் ஒரு திருத்தம்

அன்புத் தங்கச்சி கொரின்,

நான் நன்றாக இருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அது வியர்வைதான், வேறொன்றுமில்லை.

இந்த டெக்சஸ் சிறையின் வெக்கையைப் பற்றி நான் எழுதி, நீ தட்டச்சு செய்த கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்புமுன் ஒரு சொல்லைத் திருத்து. பக்கத்து அறைக் கிழவர் ரூஃபஸ் “மூச்சுத் திணறுது” என்று சொன்னதாக அதில் இருக்கிறது. பேசியவரிடம் வாசித்துக் காட்டாமல் நான் எதையும் அச்சுக்கு விடுவதில்லை. நேற்று இரண்டு அறைக்கும் பொதுவான காற்றுத் துளை வழியாக வாசித்தேன்.

“திணறுதுன்னு போடாதடா. திணறுச்சுன்னு போடு.”

“ஏன் பெருசு, இப்ப குளுகுளுன்னு இருக்கோ?” என்று சீண்டினேன்.

இன்று காவலர் ஒரே ஒரு சாப்பாட்டுத் தட்டோடு வந்தார். பெருசுக்கு எங்கே என்றேன்.

“அந்த ரூம் காலிப்பா. முந்தாநாள் நீ குளிக்கப் போனப்பவே பொணத்த எடுத்துட்டாங்க.”

ஆகவே இறந்த காலத்திலேயே போடு.

கிழவர் பேச்சு இதிலும் வருகிறது. அதனால் வழக்கப்படி இந்தக் கடிதத்தையும் துளையருகே வாசித்தேன். முதல் வரியிலேயே நிறுத்தினார்.

“இருக்கேன்னு ஏன்டா எழுதுன? இருந்தேன்னு மாத்து.”

நான் மாற்றவில்லை. நீயும் மாற்றிவிடாதே, கொரின்.

உன் அண்ணன்